ட்யூப் ஆம்ப்புக்குள் டிஜிட்டல் போர்டு: டர்பனில் நான் பட்ட பாடு

கிட்டார் வாசிப்பவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் போகாது. ட்யூப் ஆம்ப்புக்குள் (வெற்றிடக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் கிட்டார் ஆம்ப்ளிஃபயர்) டிஜிட்டல் சமாச்சாரங்களைச் சேர்த்தால் சத்தம் கெட்டுப்போகுமா, போகாதா? ஒருவர் கெட்டே போகும் என்பார், இன்னொருவர் அதெல்லாம் மனப்பிரமை என்பார். நானும் வாங்கும்போது இதைத்தான் மாதக்கணக்கில் யோசித்தேன். கடைசியில் வாங்கினேன், சத்தம் கெடவில்லை. ஆனால் 2023இல் ஒரு நாள் கரண்ட் போய்த் திரும்பி வந்தபோது அந்த ஆம்ப் ஊமையாகிவிட்டது. ட்யூப்கள் ஒளிர்ந்துகொண்டிருந்தன, டிரான்ஸ்ஃபார்மர்கள் நல்ல நிலையில் இருந்தன, ஸ்பீக்கரில் ஒரு குறையும் இல்லை. உள்ளே இருந்த டிஜிட்டல் போர்டு செத்ததால் மற்ற எல்லாமே செத்த மாதிரி ஆகிவிட்டது. அதைத் திரும்பப் பேச வைக்க ஏறத்தாழ அரை வருடமும் 10,000 ராண்டுக்கு (தென்னாப்பிரிக்க நாணயம்) மேலும் செலவானது. வாங்குவதற்கு முன் நான் படித்த எந்த இடத்திலும் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் தூத்துக்குடிக்காரன். கப்பல் சரக்கு வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் வந்து பல வருடம் ஆகிறது. சாட்ஸ்வர்த்தில் வாடகை வீடு. அந்தப் பகுதியில் நிறைய வீடுகளுக்குப் பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர்தான், நாம் தும்மினால் அவர்களுக்குக் கேட்கும். நான் வாசிக்கும் பேண்டில் மற்ற எல்லாரும் இங்கேயே பிறந்தவர்கள். 1860இலிருந்து நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் நாலாம், ஐந்தாம் தலைமுறை. வீட்டில் பேசுவது ஆங்கிலம்தான் என்றாலும் கல்யாண ரிசப்ஷனில் தாத்தா காலத்துத் தமிழ்ப் பாட்டு கட்டாயம் வேண்டும் என்பார்கள். அது முடிந்ததும் பங்க்ரா, அப்புறம் ராக், சாப்பாட்டு நேரத்தில் மெதுவாக ப்ளூஸ். ஒரே இரவில் க்ளீன் (தெளிவானது), க்ரஞ்ச் (சற்றுக் கரகரப்பானது), லீட் (தனி வாசிப்புக்கானது) எல்லாம் மாறி மாறி வேண்டும். காலால் ஒரு மிதி மிதித்தால் சேனல், கெயின், ரிவெர்ப் (எதிரொலிப்பு) எல்லாம் சேர்ந்து மாறுகிற பிரிசெட் வசதி எனக்கு ஆடம்பரம் இல்லை, தொழிலுக்கே தேவை. பக்கத்து வீட்டுக்காரர்களைத் தொந்தரவு செய்யாமல் ஹெட்ஃபோனில் வாசிக்கிற வசதியும் அப்படித்தான். அதனால் 50 வாட் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்) ஒன்று வாங்கினேன். இரண்டு இஎல்34 பவர் ட்யூப், முன்பக்கம் 12ஏஎக்ஸ்7 ட்யூப்கள், உள்ளே டிஜிட்டல் ரிவெர்ப், டிலே (வாசித்ததைப் பிந்தித் திருப்பிக் கேட்க வைப்பது), மிடி (கருவிகள் ஒன்றுக்கொன்று உத்தரவு அனுப்பும் முறை), ப்ளூடூத் ஆப், கேபினெட் சிமுலேஷனோடு (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலவே செய்வது) ஹெட்ஃபோன் அவுட். விலை 32,000 ராண்டு. தயாரிப்பாளர் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொல்ல வரும் விஷயம் பல கம்பெனிகளின் ஆம்ப்களுக்கும் பொருந்தும்.

முதலில் சத்தத்தைப் பற்றிய சந்தேகத்தை முடித்துவிடலாம். 'டிஜிட்டல் ட்யூப் ஆம்ப்' என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிப் பேசுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. சில ஆம்ப்களில் கிட்டார் சிக்னல் கடைசி வரை ட்யூப் வழியாகவே போகும், டிஜிட்டல் பகுதி ரிலேக்களை (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்சுகள்) தட்டிச் சேனல் மாற்றுகிற வேலையை மட்டும் செய்யும். டிஜிட்டலாக மாறுவதால் சத்தம் கெட இதில் வழியே இல்லை, சிக்னல் ஒருபோதும் எண்களாக மாறுவதில்லை. இன்னும் சிலவற்றில் மூல சிக்னல் அனலாகாகவே போய்க்கொண்டிருக்கும். பக்கத்தில் ஒரு கிளையாக ரிவெர்ப்பும் டிலேயும் மட்டும் டிஜிட்டலில் உருவாகி வந்து கலக்கும். 2007இல் வந்த மார்ஷல் ஜேவிஎம் வரிசையில் மிடியும் டிஜிட்டல் ரிவெர்ப்பும் இருக்கின்றன. ஹ்யூஸ் அண்ட் கெட்னரின் கிராண்ட்மைஸ்டரில் 128 பிரிசெட்களும் ஐபேட் ஆப்பும் உண்டு. வேறு சிலவற்றில் சிக்னல் முழுவதையும் எண்ணாக மாற்றி, மாடலிங் செய்து (வேறு ஆம்ப்களின் ஒலியைக் கணக்கால் உருவாக்கி), கடைசியில் பவர் ட்யூப் வழியாக வெளியே விடுகிறார்கள். லைன் 6 டிடி50 அப்படிப்பட்டது. ஃபெண்டர் 2019இல் கொண்டுவந்த டோன் மாஸ்டர் டீலக்ஸ் ரிவெர்ப், ட்வின் ரிவெர்ப் இரண்டிலும் ட்யூபே கிடையாது, அது தனிக் கதை. ஆகவே யாராவது "டிஜிட்டல் சேர்த்தால் கெட்டுவிடும்" என்று சொன்னால், எந்த வகை என்று திருப்பிக் கேளுங்கள். என்னுடையது இரண்டாவது வகை. எங்கள் பேஸ் கிட்டார்க்காரரை ஆம்ப் பின்னால் உட்கார வைத்து, எஃபெக்ட் கலவை பூஜ்யத்தில் இருக்கும்போது டிஜிட்டல் கிளையை அவர் இஷ்டத்துக்கு இணைப்பதும் எடுப்பதுமாக இருக்கச் சொன்னேன். நான் திரும்பி நின்று வாசித்தேன். பேண்ட் வால்யூமில் எது எப்போது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அடுத்தது தாமதம், அதாவது லேட்டன்சி. சிக்னலை எண்ணாக மாற்றி மறுபடி மின்சாரமாக மாற்ற ஒன்றிரண்டு மில்லி செகண்ட் ஆகும். இதைக் கேட்டதும் பலர் பயப்படுகிறார்கள். காற்றில் ஒலி ஒரு மில்லி செகண்டில் போகிற தூரம் சுமார் 34 சென்டிமீட்டர்தான். மேடையில் ஆம்ப்பிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்றாலே கிட்டத்தட்ட ஒன்பது மில்லி செகண்ட் தாமதமாகத்தான் நம் காதுக்கு வருகிறது, அதை யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் இந்தத் தாமதம் நிஜமாகவே சத்தத்தைக் கெடுக்கிற ஓர் இடம் இருக்கிறது. அது பேரலல் எஃபெக்ட்ஸ் லூப் (ஆம்ப்பின் நடுவில் வெளிப் பெடல்களைச் செருகும் வழி). அங்கே மூல சிக்னல் ஒரு வழியிலும் பெடல் வழியாகப் போன சிக்னல் இன்னொரு வழியிலும் வந்து சேர்கின்றன. டிஜிட்டல் பெடல் ரிவெர்ப்போடு மூல சிக்னலின் நகலையும் சேர்த்து அனுப்பினால், அந்த நகல் ஒரு மில்லி செகண்ட் பிந்தி வந்து அசலோடு மோதும். 500 ஹெர்ட்ஸில் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். 1500, 2500 என்று மேலே போகப் போக அதே மாதிரிப் பள்ளங்கள். தாமதம் இரண்டு மில்லி செகண்ட் என்றால் முதல் பள்ளம் 250 ஹெர்ட்ஸுக்கே இறங்கிவிடும், கிட்டாரின் உடம்பே அங்கேதான் இருக்கிறது. வாங்கிய புதிதில் என் பழைய டிலே பெடலை லூப்பில் போட்டபோது சத்தம் குழாய்க்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது, காரணம் இதுதான். பெடலில் 'கில் ட்ரை' என்றொரு செட்டிங் இருக்கும், இல்லாவிட்டால் மிக்ஸ் குமிழை முழுக்க வெட் பக்கம் (எஃபெக்ட் மட்டும் வரும் பக்கம்) திருப்புங்கள். அதோடு சரியாகிவிடும். சிக்னல் முழுவதும் பெடல் வழியாகவே போகிற சீரியல் லூப் என்றால் இந்தப் பிரச்சினையே வராது. டிஜிட்டல் ஆம்ப்பையே கெடுத்துவிட்டது என்று சொல்பவர்களில் எத்தனை பேர் உண்மையில் கேட்டது இந்தப் பள்ளத்தைத்தானோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இரைச்சல் விஷயமும் சோதித்துப் பார்க்கக்கூடியதுதான். கடையில் கிட்டார் கேபிளைப் பிடுங்கிவிட்டு, வால்யூமை வழக்கமான இடத்தில் வைத்து, ஸ்பீக்கர் பக்கத்தில் காதை வையுங்கள். தென்னாப்பிரிக்காவில் மெயின்ஸ் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதனால் 50 ஹெர்ட்ஸிலோ 100 ஹெர்ட்ஸிலோ லேசான ஹம் எந்த ட்யூப் ஆம்ப்பிலும் இருக்கும். 'ஸ்ஸ்' என்ற சத்தமும் இயல்பு. மெல்லிய விசில் மாதிரி ஒரு கீச்சொலி கேட்டு, ரிவெர்ப் வகையை மாற்றும்போதோ ஆப்பைத் திறக்கும்போதோ அது மாறினால், டிஜிட்டல் பகுதியின் க்ளாக்கோ ஸ்விட்சிங் சப்ளையோ ஆடியோவுக்குள் கசிகிறது. அப்படிப்பட்ட ஆம்ப்பை வாங்க வேண்டாம். என்னுடையதில் அது இல்லை.

சரி, கெட்டது எது என்று சொல்கிறேன். 2023இல் இங்கே லோட் ஷெட்டிங் (முறைவைத்த மின்வெட்டு) எந்த அளவுக்கு இருந்தது என்பது தென்னாப்பிரிக்காவில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஸ்டேஜ் 6 என்று அறிவித்தால் ஒரே நாளில் பல தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு மணி நேரம் அளவுக்குக் கரண்ட் இருக்காமல் போனது. போவதைவிட வருவதுதான் ஆபத்து. ஒரு பகுதிக்கு மின்சாரம் திரும்பும் நொடியில் எல்லா வீட்டு ஃப்ரிட்ஜும் கீசரும் மோட்டாரும் ஒரே சமயத்தில் இழுக்கும். வோல்டேஜ் தாழ்ந்து, துள்ளி, அப்புறம்தான் நிலைக்கு வரும். அன்றைக்கு டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் ஒரு கல்யாணத்துக்கு வாசிக்க வேண்டியிருந்தது. வீட்டில் கடைசி ஒத்திகை. ஆம்ப் ஸ்டாண்ட்பையில் (ட்யூப்கள் சூடாக இருந்தும் சத்தம் வராத நிலை) இருந்தபோது கரண்ட் போனது, வந்தது. ஸ்டாண்ட்பையை எடுத்தேன். முன்பக்க எல்இடி எல்லாம் ஒன்றாக எரிந்து அப்படியே நின்றுவிட்டன. ட்யூப்கள் ஆரஞ்சு நிறத்தில் அழகாக எரிந்தன. சத்தம் மட்டும் இல்லை. ஹம் கூட இல்லை. ட்யூப் ஆம்ப்பில் ஹம் கூட வராமல் இருப்பது ரொம்பவே விசித்திரமான விஷயம், எனக்கு வயிற்றைக் கலக்கியது. மாலைக்குள் வாடகைக்கு ஓர் ஆம்ப் தேடிப் பிடித்து மேடை ஏறினேன். கல்யாண வீட்டார் யாருக்கும் தெரியாது, ஆனால் என் கை அன்று என் கையாக இல்லை.

அதற்குப் பிறகுதான் நிஜமான அலைச்சல். வாங்கிய கடையில் கேட்டால் வாரண்டி முடிந்துவிட்டது என்றார்கள். இந்த நாட்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வாங்கிய பொருள் பழுதானால் பணத்தைத் திரும்பக் கேட்கவோ மாற்றிக் கேட்கவோ சரிசெய்யச் சொல்லவோ உரிமை உண்டு. அது ஆறு மாதத்துக்குத்தான், என்னுடையது அதை எப்போதோ தாண்டிவிட்டது. வீட்டுக் காப்பீட்டுக்காரர்களிடம் போனேன். பவர் சர்ஜ் சேதத்துக்கு வீட்டு டிபி போர்டில் (மின்சாரம் பிரிகிற பலகை) சர்ஜ் பாதுகாப்புக் கருவி பொருத்தியிருக்க வேண்டும் என்று பாலிசியின் உள்ளே ஓர் இடத்தில் சொல்லியிருக்கிறார்களாம். வாடகை வீட்டில் டிபி போர்டு என் கையில் இல்லை. க்ளெய்ம் நிராகரிக்கப்பட்டது. இதைப் படிக்கும் தென்னாப்பிரிக்க நண்பர்கள் இன்றே பாலிசியை எடுத்து 'பவர் சர்ஜ்' என்ற வார்த்தை எங்கே வருகிறது, எவ்வளவு தொகை வரை என்று பாருங்கள். இசைக்கருவியை வெளியே கொண்டுபோய்ப் பணத்துக்கு வாசிப்பவர்கள் அதற்கும் கவர் இருக்கிறதா என்று சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

டர்பனிலேயே ஒரு சர்வீஸ் சென்டரில் 950 ராண்டு வாங்கிக்கொண்டு, 'கண்ட்ரோல் போர்டு பழுது, இங்கே செய்ய இயலாது' என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அங்கிருந்து ஜோஹன்னஸ்பர்க்குக் கூரியர். போக வர 1,900 ராண்டு ஆனது, ஏனென்றால் ட்யூப் ஆம்ப் ஹெட் எலும்பை நொறுக்குகிற கனம். அங்கே ஆம்ப் வாரக்கணக்கில் கிடந்தது. ஒவ்வொரு தடவை போன் பண்ணும்போதும் "பார்ட் வெளிநாட்டிலிருந்து வரணும்" என்ற பதில். கடைசியில் வந்த செய்தி என்னவென்றால், அந்தப் போர்டின் பழைய பதிப்பைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டார்கள், புதிய பதிப்பு என் ஆம்ப்பில் பொருந்தாது. பழுது பார்க்கலாம் என்றால் அதற்கான சர்க்யூட் வரைபடத்தை வெளியே தர மாட்டார்களாம். இதற்கிடையில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் வாடகை ஆம்ப், அந்த வகையில் மட்டும் 3,000 ராண்டு போயிருக்கும். ஆம்ப் பெட்டியோடு திரும்பி வந்தபோது பிரிக்கக்கூட மனம் வரவில்லை. மனைவி "வித்துடுங்க" என்றாள். ஊமை ஆம்ப்பை யார் வாங்குவார்கள்?

அப்போதுதான் எங்கள் ட்ரம்மர் ஓர் அங்கிளைப் பற்றிச் சொன்னார். எழுபது தாண்டியவர். ஒரு காலத்தில் வால்வு ரேடியோ, சினிமா தியேட்டர் ஆம்ப்ளிஃபயர் எல்லாம் பழுது பார்த்தவர், இப்போது வீட்டு கராஜில் மட்டும் வேலை. உள்ளே போனால் சுவர் முழுக்கப் பழைய ஆம்ப்கள். 1960களின் ஆம்ப் ஒன்று மேஜைமேல் திறந்து கிடந்தது. அதன் ஃபில்டர் கப்பாசிட்டர்களை மாற்றிக்கொண்டிருந்தார். என்னுடையதைப் பார்த்ததும், "உள்ளே கை வைத்தீர்களா?" என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றதும் தலையாட்டினார். இங்கே நின்று ஒன்று சொல்லிவிட வேண்டும். ட்யூப் ஆம்ப்பின் ஃபில்டர் கப்பாசிட்டர்கள் ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் நூற்றுக்கணக்கான வோல்ட்டை உள்ளே வைத்திருக்கும், ஆளைக் கொல்லப் போதுமானது. வீடியோவைப் பார்த்துவிட்டு யாரும் திறக்காதீர்கள். அங்கிள் அதை ஒரு ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே விரலை உள்ளே விட்டார்.

அவர் சோதித்த விதத்தை நான் மறக்க மாட்டேன். ஸ்பீக்கரை இணைத்து ஆன் செய்து, பிளேட் வோல்டேஜ் (பவர் ட்யூபுக்குப் போகும் உயர் வோல்டேஜ்) பார்த்தார். 430. "இது சுகமாக இருக்கிறது" என்றார். ஒரு சின்ன சிக்னலை முன்பக்கம் எல்லாவற்றையும் தாண்டி நேராகப் பவர் ட்யூப்களுக்கு முந்திய ஃபேஸ் இன்வெர்ட்டர் ட்யூபுக்குக் கொடுத்தார். ஸ்பீக்கரிலிருந்து 'ஊ' என்று ஒரு நாதம். மாதங்களுக்குப் பிறகு அந்த ஆம்ப்பின் குரலை நான் கேட்டது அப்போதுதான். கண் கலங்கிவிட்டது. அப்புறம் ரிப்பன் கேபிளைக் கழற்றி டிஜிட்டல் போர்டைத் திருப்பிக் காட்டினார். அரிசிமணி அளவுக்கு ஒரு கறுப்புப் பாகம், அதன் நடுவில் வெடித்த ஓட்டை, சுற்றிலும் பழுப்புக் கறை. டிஜிட்டல் பகுதிக்கு மட்டும் தனியாக ஒரு ஸ்விட்சிங் சப்ளை வைத்திருக்கிறார்கள். ஆம்ப் ஸ்டாண்ட்பையில் இருந்தாலும் அது ஓடிக்கொண்டிருக்கும். சர்ஜ் முதலில் அதை அடித்திருக்கிறது, அது போகும்போது மைக்ரோகண்ட்ரோலரையும் (போர்டை நடத்தும் சின்னக் கணினிச் சில்லு) கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. பெரிய இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் அதே அடியைத் தாங்கிக்கொண்டது. மைக்ரோகண்ட்ரோலர் உத்தரவு கொடுக்காதவரை மியூட் ரிலே மூடியே இருக்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். பவர் ட்யூபின் பயஸையும் (வாசிக்காதபோதும் ட்யூபில் ஓடும் மின்னோட்டத்தின் அளவு) மைக்ரோகண்ட்ரோலர்தான் அளந்து சரிசெய்கிறது. அதனால் அது போனதும் எல்லாம் நின்றுவிட்டது.

"போர்டை எழுப்ப என்னால் முடியாது. ஆனால் அது இல்லாமல் இது பாடும்" என்றார். அப்படியே செய்தார். மியூட் ரிலேயை நீக்கி நேராகக் கம்பி போட்டார். டிஜிட்டல் கிளை கலக்கிற இடத்தைத் துண்டித்தார். பயஸுக்கு ஒரு ட்ரிம் பாட்டும் (திருகிச் சரிசெய்யும் சின்னப் பாகம்), அளப்பதற்கு ஒவ்வொரு ட்யூபின் கேதோடிலும் ஒரு ஓம் ரெசிஸ்டரும் வைத்தார். இஎல்34 அதிகபட்சம் தாங்குவது 25 வாட். அதில் 70 சதவீதம் என்று கணக்குப் போட்டு, 430 வோல்ட்டுக்கு ஒரு ட்யூபுக்கு 40 மில்லி ஆம்பியர் என்று நிறுத்தினார். சேனல் மாற்றுகிற ரிலேக்களுக்குத் தனியாகச் சின்ன சப்ளை. பின்பக்கம் மிடி சாக்கெட் இருந்த ஓட்டையில் இப்போது ஒரு சாதாரண டாகிள் ஸ்விட்ச் உட்கார்ந்திருக்கிறது, மேலே தள்ளினால் லீட், கீழே தள்ளினால் க்ளீன். கூலியும் பாகங்களும் சேர்த்து 4,200 ராண்டு. ரிவெர்ப் போச்சு, பிரிசெட் போச்சு, ஹெட்ஃபோன் அவுட் போச்சு. ஆம்ப் வந்துவிட்டது.

இப்போது கடையில் யாராவது இப்படிப்பட்ட ஆம்ப் வாங்க என்னைக் கூட்டிப்போனால் சத்தத்தைப் பற்றி இரண்டாவதாகத்தான் கேட்பேன். முதல் கேள்வி: டிஜிட்டல் போர்டு செத்தால் கிட்டாரைச் செருகி வாசிக்க முடியுமா? பல விற்பனையாளர்களுக்குப் பதில் தெரியாது, தயாரிப்பாளருக்கே எழுதிக் கேளுங்கள். பயஸை மைக்ரோகண்ட்ரோலர் பார்த்துக்கொள்கிறதா, திருகாணி இருக்கிறதா? சர்க்யூட் வரைபடம் கிடைக்குமா? 12ஏஎக்ஸ்7 என்பது 1940களின் ட்யூப். 2022 மார்ச்சில் ரஷ்யாவின் சராத்தோவ் தொழிற்சாலையிலிருந்து ஏற்றுமதி தடைபட்டு எல்லாரும் பதறியபோதுகூட ஸ்லோவாக்கியாவின் ஜேஜே ட்யூப்கள் இருந்தன, விலைதான் ஏறியது. யார் செய்த 12ஏஎக்ஸ்7 ஆனாலும் அதே சாக்கெட்டில் உட்காரும். டிஜிட்டல் போர்டுக்கு அந்த ஒரு தயாரிப்பாளரை விட்டால் வேறு நாதி இல்லை. அப்புறம் ஆப். என் ஆம்ப்பில் நாய்ஸ் கேட்டின் (இரைச்சலை அடக்குகிற வசதி) அளவும் ரிவெர்ப்பின் நீளமும் ஆப்பில் மட்டுமே மாற்ற முடிந்தது, குமிழ் கிடையாது. போர்டு சாவதற்கு முன்பே என் புது போனில் அந்த ஆப் ஓட மறுத்துவிட்டது, பழைய போனைச் சார்ஜ் போட்டு வைத்திருந்தேன். முன்பலகையில் குமிழ் இல்லாத வசதி எதையும் சொந்த வசதியாக நான் இனிக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

இதனால் டிஜிட்டலே வேண்டாம் என்று ஆகிவிடாது. பொதுச் சுவர் வைத்த வீட்டில் இருக்கும் எனக்கு ராத்திரி வாசிக்க வேறு வழியில்லை. இப்போது ஆம்ப்புக்கும் கேபினெட்டுக்கும் நடுவில் தனியாக ஒரு லோட் பாக்ஸ் (ஸ்பீக்கருக்குப் பதிலாக ஆம்ப்பின் சக்தியை வாங்கிக்கொள்ளும் பெட்டி) வைத்திருக்கிறேன், ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைக் கொடுக்கிற கேபினெட் ஐஆர் வேலை அதற்குள் நடக்கிறது. ரிவெர்ப்பும் டிலேயும் பெடலாக லூப்பில். எது செத்தாலும் அதை மட்டும் கழற்றிவிட்டு அன்றைய நிகழ்ச்சியை முடித்துவிடலாம். ஒரு கவனம் வேண்டும். ட்யூப் ஆம்ப்பை லோட் இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். உள்ளேயே லோட் வைத்த ஆம்ப்களில், போர்டு பழுதானபோது அந்த லோட் இணைப்பில் இருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. சந்தேகம் வந்தால் உடனே நிறுத்திவிட்டு ஸ்பீக்கரை நேராகச் செருகுங்கள்.

கரண்ட் விஷயத்தில் நான் இப்போது கடைப்பிடிப்பது எளிமையானது. கரண்ட் போனதும் சுவரில் இருக்கிற அந்தப் பெரிய மூன்று உருண்டைப் பின் ப்ளக்கையே பிடுங்கிவிடுகிறேன், ஸ்விட்சை அணைப்பதோடு நிற்பதில்லை. திரும்பி வந்த பிறகு கொஞ்ச நேரம் விளக்கு நிலையாக எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் செருகுகிறேன். நடுவில் சர்ஜ் ப்ரொடெக்டர் உண்டு, அதற்குள் இருக்கிற பாகம் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் தேயும், அதனால் காட்டி விளக்கு அணைந்ததும் மாற்றிவிட வேண்டும். இன்வெர்ட்டரில் வாசிப்பவர்கள் ப்யூர் சைன் வேவ் என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். மலிவான மாடிஃபைடு சைன் வேவில் டிரான்ஸ்ஃபார்மர் உறுமும், அந்த உறுமல் ஸ்பீக்கருக்கும் வரும். ஃபர்ம்வேர் (போர்டுக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட் செய்வதற்கு முன் மின்வெட்டு அட்டவணையைப் பாருங்கள், பாதியில் கரண்ட் போனால் போர்டு அங்கேயே முடிந்துவிடும்.

பழைய ஆம்ப் வாங்குகிறவர்களுக்கு: டர்பன், பைன்டவுன் பக்கமெல்லாம் டிஜிட்டல் வசதி வைத்த ட்யூப் ஆம்ப்கள் இப்போது செகண்ட் ஹேண்டில் நிறைய வருகின்றன, விலையும் ஆசை காட்டும். விற்பவர் வீட்டில் குறைந்தது அரை மணி நேரம் சூடாக ஓட்டிப் பாருங்கள். பிரிசெட்டை ஒன்றைச் சேமித்து, ப்ளக்கைப் பிடுங்கி, மறுபடி செருகி அது நிற்கிறதா என்று பாருங்கள். உங்கள் போனில் ஆப் ஓடுகிறதா, ஹெட்ஃபோன் அவுட்டில் இரண்டு காதிலும் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். கடற்கரைக் காற்றில் இருந்த ஆம்ப் என்றால் ட்யூப் சாக்கெட்டில் பச்சைக் களிம்பு தெரியும், உள்ளே ரிப்பன் கேபிளின் பின்களும் அதே கதியில்தான் இருக்கும். அந்த மாடலின் கண்ட்ரோல் போர்டு இன்னும் கிடைக்கிறதா, என்ன விலை என்று பணம் கொடுப்பதற்கு முன் ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். கிடைக்காது என்று பதில் வந்தால், ஹெட்ஃபோனும் ரிவெர்ப்பும் இல்லாத ஒரு சாதாரண இரண்டு சேனல் ஆம்ப்புக்கு என்ன கொடுப்பீர்களோ அந்த விலைக்கு மட்டும் கேளுங்கள். என்னுடையதை இன்று விற்றால் 9,000 ராண்டுக்கு மேல் யாரும் தர மாட்டார்கள்.